பாதிச் சுற்றில் நின்ற நீராவிப் படகு

நான் செய்ததையெல்லாம் முதலில் சொல்லிவிடுகிறேன். பிற்பாடு யாரும் 'இவன் யாரு?' என்று கேட்கக் கூடாது.

மில் ஏலத்தில் உடைசல் என்று ஒதுக்கிப் போட்டிருந்த ஒரு லேத்து, இரும்பைக் கடைகிற எந்திரம். அதன் படுக்கை நடுவில் விரிசல் விட்டிருந்தது. உருக்கத்தான் ஆகும் என்று பெரிய பட்டறைக்காரர்களெல்லாம் கையை உதறிக்கொண்டு போனார்கள். நான் அதை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தேன். விரிசலுக்கு இரண்டு பக்கமும் இரும்புப் பட்டை வைத்து முறுக்கி, காயத்துக்குத் தையல் போட்ட மாதிரி சேர்த்தேன். என் பட்டறை அந்த லேத்தில்தான் தொடங்கியது. இன்றைக்கும் அது ஓடும். மதுரை சிம்மக்கல்லில் பாதிக் கரியில் கொதிக்கிற செம்பு டீ பாய்லரை முதலில் அடித்தவன் நான். அதற்கு முன்னால் டீ மாஸ்டர்கள் கரியை ஊதி ஊதியே நெஞ்சைக் கெடுத்துக்கொண்டிருந்தார்கள். கல்யாண மண்டபத்தில் ஒரே ஈட்டில் ஒரு பந்திக்கே இட்லி வேகிற நீராவி அடுப்பு நான் செய்தது. உசிலம்பட்டி போகிற வழியில் ஒரு தோட்டத்துக் கிணறு, யார் பம்பு இறக்கினாலும் காற்றைத்தான் கொடுக்கும். நான் இறக்கியபோது தண்ணீர் கொடுத்தது.

என் படிப்பு ஐந்தாம் வகுப்பில் பாதியோடு நின்றது. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலிக்குப் போனவர்கள். எங்கள் வீட்டுக்குச் சொந்தம் என்று இருந்தவை இரண்டு மண்வெட்டிகள். அங்கிருந்து இங்கே வந்தவன் நான். யாரும் கை கொடுத்துத் தூக்கிவிடவில்லை. காலை வாரிவிட்டவர்கள் உண்டு.

இம்புட்டும் செய்தேனே, எதிலாவது என் பேர் இருக்கிறதா? டீ பாய்லரில் கடை முதலாளியின் பேரை வெட்டினார்கள். இட்லி அடுப்பில் விற்ற கம்பெனியின் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. கிணற்று மேட்டில் தோட்டக்காரரின் தாத்தா பேரில் கல் நட்டிருக்கிறார்கள். அந்தத் தாத்தா கயிறு போட்டுக்கூட ஒரு வாளி தண்ணீர் இறைத்தவர் இல்லை. நான் வாய்விட்டுக் கேட்டதில்லை. கேட்காமலே எழுதுவார்கள் என்று நினைத்துக்கொண்டே எழுபது வயதைத் தாண்டிவிட்டேன்.

கடைசியாக ஒரு படகு என் கைக்கு வந்தது. அதிலாவது என் பேர் வரவேண்டும் என்று ஆசைப்பட்டேன். அந்தக் கதையைத்தான் இந்தப் புத்தகத்தில் எழுதுகிறேன்.

தேனி ரோட்டில் ஊரைத் தாண்டினால் ஒரு பழைய பள்ளிக்கூடம் இருக்கிறது. அதன் பேர் வேண்டாம். அங்கே பௌதிகம் சொல்லிக்கொடுக்கிற டீச்சர் ஒருநாள் ஆட்டோவில் வந்து இறங்கினார். மடியில் பச்சைப்பிள்ளையைப் போல, பழைய சேலையில் சுற்றிய ஒரு நீளமான பொருள். அப்போதே வீட்டை ஒட்டிய என் பட்டறையில் பாதியைச் செல்போன் உறை விற்கிறவர்களுக்குக் குடோனாக விட்டுவிட்டேன். மீதிப் பாதியில் லேத்தும் நானும் இருந்தோம்.

டீச்சர் சேலையைப் பிரித்தார். தேக்குப் பலகையில் செய்த படகு. நீட்டிய கையைவிடக் கொஞ்சம் நீளம். நடுவில் ஒரு சின்னச் செம்பு பாய்லர், அதன் மேல் புகைபோக்கி, பாய்லருக்கு முன்னால் உள்ளங்கையில் அடங்குகிற பித்தளை எஞ்சின். பார்வைக்குப் பொம்மை. ஆனால் பொம்மை இல்லை. அதில் நிஜத் தீ எரியவேண்டும், நிஜத் தண்ணீர் கொதிக்கவேண்டும். அந்த ஆவி பிஸ்டனைத் தள்ள, பின்னால் தண்ணீருக்குள் இருக்கிற பித்தளை விசிறி சுற்ற, படகு தானே போகவேண்டும். அந்தக் காலத்தில் பள்ளிக்கூடத்தைத் தொடங்கியவர் பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காக வெளிநாட்டிலிருந்து வரவழைத்ததாம். அது ஓடிப் பார்த்தவர் இப்போது ஒருவரும் இல்லை.

"அய்யா, இது ஓடுமா?" என்றார் டீச்சர்.

"ஏன் ஓடாது? நீராவிய ஓடவிடுறதுதான டீச்சர் நமக்குப் பொழப்பு."

"மதுரைல நாலு எடத்துல காட்டிட்டேன். காட்சிக்கு வைங்கன்னுட்டாங்க."

"அந்த நாலு பேரும் டீ பாய்லர் அடிச்சவங்களா?"

டீச்சர் சிரித்தார். அப்புறம்தான் அந்தப் பேச்சு வந்தது. பள்ளிக்கூடத்துக்கு ஆண்டு நிறைவு விழா வருகிறது. அன்றைக்கு வளாகத்துக் குளத்தில் படகு ஒரு முழுச் சுற்று வரவேண்டும். வந்துவிட்டால் பள்ளிக்கூட வாசலில் கண்ணாடிப் பெட்டியில் அதை வைப்பார்கள். பக்கத்தில் ஒரு அட்டை வைப்பார்கள்.

"அந்த அட்டையில உங்க பேர நானே என் கையால எழுதுறேன் அய்யா. ஒரு முழுச் சுத்து. அது போதும்."

நான் வேறு எதையும் கேட்கவில்லை. செம்பும் பித்தளையும் மட்டும் வாங்கித் தரச் சொன்னேன்.

அந்த வாரமே வேலையைத் தொடங்கினேன். எஞ்சின் இறுகிப்போயிருந்தது. யாரோ ஒரு புண்ணியவான் விளக்கெண்ணெய் விட்டு அப்படியே வைத்துவிட்டார். அது காய்ந்து அரக்கு மாதிரி பிடித்திருந்தது. அடித்துக் கழற்றினால் உடைந்துவிடும். மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, வெயிலில் வைத்து, மறுபடி ஊறப்போட்டு, பிள்ளைக்குச் சளி எடுக்கிற பொறுமையோடு கழற்றினேன். சிலிண்டர் முகத்தைக் கண்ணாடிப் பலகையில் வைத்துத் தேய்த்துச் சமன் செய்தேன். முகம் பார்க்கலாம், அப்படி வந்தது.

பாய்லர் விஷயத்தில் எனக்கும் டீச்சருக்கும் சண்டை. பழைய பாய்லரைத் துலக்கி, ஒட்டுப்போட்டு, அதையே ஓட்டலாம் என்றேன் நான். எத்தனை பாய்லருக்கு ஒட்டுப்போட்டிருக்கிறேன்! டீச்சர் ஒப்பவில்லை.

"மூட்டெல்லாம் ஈயப்பத்து அய்யா. அழுத்தம் தாங்காது. தண்ணி நிரப்பிப் பம்பு வச்சு அழுத்திப் பாப்போம். தாங்குச்சுன்னா நான் வாயே தொறக்கல."

"நான் தட்டிப் பாத்துட்டேன். சத்தம் நல்லாருக்கு."

"சத்தத்தப் பாத்து பிள்ளைங்கள நான் பக்கத்துல நிக்கவைக்க முடியாது."

சரி என்று பம்பு வைத்தோம். அழுத்தம் காட்டுகிற கேஜ் முள் பாதிகூட ஏறவில்லை. அடிமூட்டில் முத்து முத்தாக வியர்த்தது, அப்புறம் ஒரு கோடாகப் பீய்ச்சி என் சட்டையை நனைத்தது. டீச்சர் வாயைத் திறக்கவில்லை. நான் சட்டையைப் பிழிந்துகொண்டேன். உள்ளதைச் சொல்கிறேன், அன்றைக்கு அவர் சொன்னதுதான் சரி.

புது பாய்லர் செய்தேன். பழைய செம்புக் குழாய் ஒன்றைத் தேடிப் பிடித்து, நடுவே தீ போகிற குழாயைச் செருகி, வெள்ளி கலந்த பற்றால் சில்வர் பிரேசிங் போட்டேன், ஈயத்தைவிடச் சூடு தாங்கும். பழையதில் ஸ்பிரிட் விளக்கு. காற்றடித்தால் அணையும். அதை எடுத்துவிட்டுச் சின்ன கேஸ் டப்பாவில் எரிகிற பர்னர் செய்து வைத்தேன். தண்ணீர் மட்டம் காட்ட ஒரு கண்ணாடிக் குழாய். புதுசாகச் சேஃப்டி வால்வு. புகைபோக்கிக்கு இரட்டைச் சுவர், வெளிச்சுவர் அவ்வளவாகச் சூடாகாது. டீ பாய்லர் விசிலைச் சின்னதாக்கி ஒரு விசில். டீச்சர் ஒரு பொம்மைக் காரின் ரிமோட்டைக் கொண்டுவந்து பொருத்தினார். அதில் இரண்டு வேலைதான் செய்ய முடியும். ஒன்று சுக்கானைத் திருப்பும், இன்னொன்று எஞ்சினுக்குப் போகும் ஆவியைக் கூட்டிக் குறைக்கும். பர்னரைக் கையால்தான் அணைக்கவேண்டும்.

விசிறித் தண்டு படகை விட்டு வெளியே போகிற இடத்தில் தண்ணீர் ஏறாமல் இருக்க, அங்கே இருக்கிற கிளாண்டு என்கிற பித்தளைக் குப்பிக்குள் மெழுகிட்ட நூலை நெருக்கமாகச் சுற்றவேண்டும். அங்கேதான் என் கை என்னைக் கைவிட்டது. நடுக்கம். நூலைச் சுற்றுவதற்குள் அது தன்னால் பிரியும். கண்ணில் ஆபரேஷன் செய்தும் ஒன்றும் தெளியவில்லை. என் மனைவி வாசலில் உட்கார்ந்து பூக்கட்டிக்கொண்டிருந்தாள். எம்புட்டு நேரம்தான் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாளோ.

"இங்க கொண்டாங்க. வாத்து கழுத்த முறிக்கிற மாதிரி என்னா சுத்து அது?"

"இது பூ இல்லடி. இதுக்குப் பதம் இருக்கு."

"மல்லிக்கு இல்லாத பதமா? இறுக்குனா காம்பு அறுந்துரும், விட்டா உருவிக்கிட்டுப் போயிரும். கொண்டாங்க."

சுற்றிக் கொடுத்தாள். அச்சில் வார்த்த மாதிரி இருந்தது. நான் நல்லாயிருக்கு என்று சொல்லவில்லை. சரி வை என்றேன்.

அவளுக்கு இந்தப் படகு பிடிக்கவில்லை. "ஊர்ல ஆம்பளைங்க பேரப்பிள்ளைக்கு கப்பல் வாங்கித் தருவாங்க. இவரு தனக்குத் தானே செஞ்சுக்கிறாரு" என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கச் சொல்லுவாள். என்னோடு சிறுவயதில் பட்டறையில் இருந்து, இப்போது டீக்கடை வைத்திருக்கிறவனும் விடவில்லை.

"மாப்ள, கப்பல் ரெடியாமே? வைகைல தண்ணி வரட்டும்னு இருக்கியா?"

"வைகைல தண்ணி வந்தா உன் கடைதான்டா மொதல்ல முங்கும்."

"அப்ப உன் கப்பல்ல எனக்கு ஒரு சீட்டு போடு மாப்ள. கண்டக்டராவாச்சும் வாரேன்."

வீட்டுக்குப் பின்னால் துணி துவைக்கிற தொட்டியில் முதலில் ஓட்டிப் பார்த்தேன். கயிற்றில் கட்டித்தான். ஆவி ஏறியதும் எஞ்சின் 'டக் டக்' என்று இரண்டு தடவை தயங்கியது. அப்புறம் கோழி கொத்துகிற வேகத்தில் பிடித்துக்கொண்டது. கயிறு விறைத்தது. தொட்டித் தண்ணீர் அலம்பி என் காலில் விழுந்தது. பின்வாசலில் என் மனைவி முறத்தோடு நின்றாள். பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். ஆனால் அன்றைக்கு இரவுச் சாப்பாட்டில் நான் கேட்காமலே மொச்சைக்குழம்பு இருந்தது.

விழா நாள். நான் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போனேன். அவளும் வருகிறேன் என்றாள். கல்யாணமான இத்தனை வருடத்தில் நான் செய்த எதையும் பார்க்க அவள் வந்ததில்லை. மண்டபத்துக்கு இட்லி அடுப்பு வைத்த அன்றும் வரவில்லை, கூப்பிட்டும் வரவில்லை. அன்றைக்குப் பட்டுச்சேலை கட்டி, பஸ் ஸ்டாண்டில் இறங்கி இரண்டு முழம் மல்லிகை வாங்கிக்கொண்டு வந்தாள். தலையில் வைத்துக்கொள்ளத்தான் என்று நினைத்தேன்.

குளம் கல் படிக்கட்டு வைத்த பழைய குளம். அந்த வருடம் மழை பெய்திருந்ததால் நிறையத் தண்ணீர். நிறையப் பாசி. படி எங்கும் பிள்ளைகள். பள்ளிக்கூடத் தாளாளர் பட்டு அங்கவஸ்திரத்தோடு நாற்காலியில் இருந்தார். கேஸ் டப்பாவைப் பொருத்தி, பாய்லருக்குத் தண்ணீர் விட்டு, தீ வைக்கப்போனேன்.

"இருங்க" என்று என் மனைவி படியில் இறங்கி வந்தாள். "புது பஸ்ஸே பூ இல்லாம கெளம்பாது. இது மட்டும் மொட்டையாவா போகும்?"

மல்லிகைச் சரத்தைப் புகைபோக்கியின் அடியில் சுற்றிக் கட்டினாள். இரண்டு முழமும்.

இனி நான் எழுதப்போவதை அவளுக்கு யாரும் படித்துக் காட்டக் கூடாது. அவளுக்கு எழுத்துத் தெரியாது, யாராவது வாசித்தால்தான் உண்டு. வாசிக்கிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டி, அட்டையைப் பற்றிய பகுதிக்குப் போய்விடுங்கள்.

டீச்சர் மெதுவாகச் சொன்னார், "அம்மா, சூட்டுல கருகிருமே."

"இருக்கட்டும் டீச்சர். வெளிச்சுவரு சூடாகாது. அதுக்குத்தான் ரெட்டைச் சுவரு போட்டுருக்கேன்" என்றேன்.

அவளைத் தவிர வேறு யார் கட்டியிருந்தாலும் அவிழ்த்திருப்பேன். அவள் கட்டியது.

தீ வைத்தேன். கேஜ் முள் ஏறியது. சேஃப்டி வால்வு 'புஸ்' என்று ஒரு மூச்சு விட்டது, வேலை செய்கிறேன் என்று சொல்கிற மாதிரி. விசிலைத் திருகினேன். குளம் முழுக்கக் கேட்டது. பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு கத்தினார்கள். டீச்சர் ரிமோட்டைத் தொட்டார். படகு படியை விட்டு நகர்ந்தது.

எப்படிச் சொல்ல? நான் செய்த எதுவும் அப்படிப் போனதில்லை. பாய்லர் ஒரே இடத்தில் இருக்கும், அடுப்பு ஒரே இடத்தில் இருக்கும், பம்பு கிணற்றுக்குள்ளேயே கிடக்கும். இது என் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. பாசியைக் கிழித்துக்கொண்டு, பின்னால் ஒரு கோடு விட்டுக்கொண்டு, வெள்ளையாய் ஆவி விட்டுக்கொண்டு, பூ வைத்துக்கொண்டு. தாளாளர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். திரும்பி என் மனைவியைப் பார்த்தேன். அவள் படகைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எதிர்க்கரைப் பக்கம் திரும்பியதும் நின்றுவிட்டது.

எஞ்சின் சத்தம் இல்லை. ஆனால் பர்னர் எரிகிற இரைச்சல் கேட்டது. வால்வு திறந்து ஆவி மேலே மேலே போனது. பாய்லரில் இருப்பது இரண்டு டம்ளர் தண்ணீர். அது தீர்ந்தால் வெறும் செம்பில் தீ.

"அணைங்க டீச்சர்!"

"பர்னருக்கு இதுல ஒண்ணும் இல்ல அய்யா!"

அது எனக்கும் தெரியும். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படியில் இறங்கினேன். பள்ளிக்கூடத்து வாட்ச்மேன் ஓடி வந்து என் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, உள்ள ஆள் ஆழம். பாசி வேற. எறங்காதீக."

"விடுய்யா!"

"விட்டா உங்களத்தான் தேடணும். கப்பல அப்புறந்தான் தேடணும்."

பெரிய பிள்ளைகள் சிலர் படகுக்கு அந்தப் பக்கமாகக் கல்லெறிந்தார்கள். அலை தள்ளிக் கரைக்குக் கொண்டுவரும் என்று நினைத்தார்கள். படகு ஆடியதே தவிர வரவில்லை. ஒருவர் கயிற்றில் தேங்காயைக் கட்டி வீசினார். கடைசியில் வாட்ச்மேன் மாங்காய் பறிக்கிற தொரட்டியோடு இன்னொரு மூங்கிலைச் சேர்த்துக் கட்டி, எதிர்க்கரைக்குச் சுற்றி ஓடி இழுத்தார். அதற்குள் ஆவி நின்றுபோயிருந்தது. மேல்பலகையில் வண்ணம் கொப்புளித்தது. தேக்கு கருகுகிற வாசனை, சுடுகாட்டுப் பக்கம் வருகிற மாதிரி.

நான்தான் முதலில் போய்த் தொட்டேன். துண்டைச் சுற்றிப் பர்னரை அணைத்தேன். படகைத் திருப்பினேன். விசிறியில் வாழைநார் சுற்றி இறுகியிருந்தது, மல்லிகைக் காம்புகளோடு. புகைபோக்கியின் அடிப்பக்கம் நார் கருகி அறுந்து, சரம் பின்பக்கம் வழிந்து தண்ணீரில் இழுபட்டு, விசிறிக்குள் போயிருக்கிறது. நன்றாகக் கட்டிய சரம். உதிரவில்லை. உதிர்ந்திருந்தால் படகு தப்பியிருக்கும்.

கூட்டம் சுற்றி வருவதற்குள் பேனாக்கத்தியால் அறுத்து, நாரையும் பூவையும் உருவி என் வேட்டி மடியில் செருகிக்கொண்டேன். கைநடுக்கம் அப்போது இல்லை.

"என்னாச்சு அய்யா?" என்றார் டீச்சர்.

என் மனைவி கூட்டத்துக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பர்னர்ல கோளாறு டீச்சர். சூடு எக்கச்சக்கமாப் போயி எஞ்சின் பிடிச்சுக்கிருச்சு. நான் வச்ச அளவு தப்பு."

தாளாளர் என் தோளில் கை வைத்தார். "பரவால்லண்ணே. வயசாயிருச்சுல்ல. இந்த மட்டும் செஞ்சதே பெருசு." அப்புறம் டீச்சர் பக்கம் திரும்பி, "இனிமே இதுல தீ வைக்கிற வேலையே வேணாம்மா. பெட்டிக்குள்ள வச்சுருங்க" என்றார்.

பஸ்ஸில் வரும்போது என் மனைவி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"பூ வச்சும் ஓடலயே. என் கை ராசியில்லாத கை போல."

"பூவுக்கும் அதுக்கும் என்னடி? பர்னரு."

"பூ எங்க போச்சு?"

"தண்ணில போயிருச்சு."

பூ என் மடியில் ஈரமாக இருந்தது. வீட்டுக்கு வந்து, அவள் சேலை மாற்றப் போனபோது, லேத்துக்கு அடியில் இரும்புச் சீவலோடு போட்டு மூடினேன்.



பாய்லரைப் பிரித்துப் பார்த்தபோது தீக்குழாய் நெளிந்திருந்தது, மூட்டில் பற்று விட்டிருந்தது. இன்னொன்று செய்யலாம். செய்யத் தெரிந்தவன் நான். ஆனால் தீ வைக்கத் தடை போட்ட பிறகு எதற்குச் செய்வது என்றார்கள். கையும் அதற்குப் பிறகு இன்னும் மோசமாகிவிட்டது. டம்ளரில் காப்பியைப் பாதிதான் ஊற்றித் தருகிறாள். நிறைய ஊற்றினால் வேட்டியில்.

டீச்சர் ஒருநாள் வீட்டுக்கு வந்தார். கூடத்தில் என் மனைவி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். டீச்சர் உட்கார்ந்தார். அப்புறம் கேட்டார்.

"அய்யா, நான் அந்த பர்னரத் தனியா எரிச்சுப் பாத்தேன். அளவு சரியாத்தான் இருக்கு. எஞ்சினும் இப்ப கையால சுத்துது. சூட்டுல பிடிச்சதுன்னா உள்ள கோடு விழுந்திருக்கணும். கோடே இல்ல. வேற என்னமோ தடுத்திருக்கு. என்னன்னு சொல்லுங்க. நான் தாளாளர்ட்டப் பேசுறேன். அட்டையில உங்க பேர எழுதியே தீருவேன்."

என் மனைவியின் கை கீரையில் நின்றது.

"பர்னருதான் டீச்சர்."

"யோசிச்சுச் சொல்லுங்க."

"இதுல யோசிக்க என்ன இருக்கு? பர்னருதான்."

டீச்சர் என்னையே பார்த்தார். அப்புறம் கீரையைப் பார்த்தார், அதை உருவுகிற கையைப் பார்த்தார். அவருக்குப் புரிந்ததோ என்னவோ. படித்தவர், புரிந்திருக்கும். காப்பி குடித்துவிட்டு எழுந்து போனார். அந்த வருட முடிவில் வேறு ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு வேலை கிடைத்துப் போய்விட்டார். என் கையால் எழுதுகிறேன் என்று சொன்னாரே, அந்தக் கையும் அவரோடு போய்விட்டது.

"பாவம் அந்தப் பிள்ள. உங்க தப்ப மறைக்க எம்புட்டுப் பாடுபடுது" என்றாள் என் மனைவி, அன்றைக்கு டீச்சர் படியிறங்கியதும்.

ஆமாம் என்றேன்.

வாசித்துக் காட்டுகிறவர்கள் இங்கிருந்து படிக்கலாம்.

போன மாதம் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தேன். பஸ்ஸில் ஏறி இறங்கவே இப்போது ஒரு ஆள் வேண்டும், இருந்தாலும் தனியாகத்தான் போனேன். தாளாளரைப் பார்க்க முடியவில்லை. மீட்டிங் என்றார்கள். வாட்ச்மேன் என்னை அடையாளம் கண்டு, வாசல் கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். குளம் வற்றிப்போய், நடுவில் வெடித்த மண்ணில் மாடு ஒன்று நின்றது.

கண்ணாடிப் பெட்டிக்குள் என் படகு. கருகிய இடத்தில் புதுசாக வண்ணம் அடித்திருக்கிறார்கள். புகைபோக்கியைக் கோணலாக வைத்திருக்கிறார்கள். அட்டை இருந்தது. கண்ணாடியில் மூக்கு உரச வைத்து, எழுத்துக்கூட்டி வாசித்தேன். அதை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தவர் பேர் இருக்கிறது. பெட்டி செய்து கொடுத்தவர் பேர் இருக்கிறது. 'பௌதிகத் துறையால் புதுப்பிக்கப்பட்டது' என்று இருக்கிறது. கடைசி வரி: 'இயங்கும் நிலையில் இல்லை.'

"ஒங்க பேரு இல்லியாண்ணே?" என்றார் வாட்ச்மேன்.

"பாருய்யா, நீ இழுத்தியே, ஒன் பேரும் இல்ல."

"எனக்கென்னத்துக்குண்ணே? எனக்கு என் பேரே பாதிப் பேருக்குத் தெரியாது."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கு வேண்டாம் என்றால் அது அவர் பெருந்தன்மை. எனக்கு வேண்டும்.

நடக்கும் என்று நம்பி இதை எழுதவில்லை. டீ பாய்லரில் எழுதாதவர்கள், இட்லி அடுப்பில் எழுதாதவர்கள், இதில் மட்டும் எழுதிவிடுவார்களா? ஆனால் கேட்காமல் போனேன் என்று ஆகிவிடக் கூடாது. ஒரு தடவையாவது வாய்விட்டுக் கேட்டுவிட்டுப் போகிறேன். அந்தப் பள்ளிக்கூடத்துக்காரர்கள் யாராவது இதைப் படித்தால், அந்த அட்டையை எடுத்துவிட்டு வேறு அட்டை எழுதுங்கள். அது ஏன் நின்றது என்று எழுதவேண்டாம். தெரிந்தாலும் வாயை மூடிக்கொள்ளுங்கள். முழுச் சுற்று ஓடியது என்று பொய்யும் எழுதவேண்டாம். பாதிச் சுற்று ஓடியது என்று எழுதுங்கள், அது உண்மை, பார்த்தவர்கள் இருக்கிறார்கள். பாய்லரும் பர்னரும் விசிலும் நான் செய்தது, இறுகிய எஞ்சினை உயிர்ப்பித்தது நான் என்று எழுதுங்கள். பாய்லரைச் சோதிக்கச் சொன்னது டீச்சர் என்று எழுதுங்கள். கிளாண்டுக்கு நூல் சுற்றியது என் மனைவி. ஒரு சொட்டுத் தண்ணீர்கூட உள்ளே ஏறவில்லை, அதையும் எழுதுங்கள். என் பேர் இந்தப் புத்தகத்தின் மேலட்டையில் இருக்கிறது. பார்த்துப் பிழையில்லாமல் எழுதுங்கள். பெரிய எழுத்தில் எழுதுங்கள், எனக்குக் கண் தெரியவில்லை.